ஏரம்பமூர்த்தி கண்டுபிடித்த ஆட்டக்காரன்

சவுத் ஹார்பர் உதைபந்தாட்டக் கழகத்தின் கூடத்தில், தேநீர் ஊற்றுகிற மேசைக்கு நேர் மேலே ஒரு மரப் பலகை தொங்கியது. அந்தப் பலகையைக் கண்டாலே ஏரம்பமூர்த்திக்கு வயிறு எரியும். வாரத்துக்கு இரண்டு தடவை கண்டார், இரண்டு தடவையும் எரிந்தது.

பலகையில் பொன் எழுத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்கள். கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டு முதல் அணிக்குப் பத்து ஆட்டம் ஆடியவனின் பெயர் அதில் ஏறும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே, சின்ன எழுத்தில், அவனைக் கண்டுபிடித்தவரின் பெயர். தேவ் நாராயண். தேவ் நாராயண். நடுவில் எப்போதோ செத்துப்போன ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். மறுபடி தேவ் நாராயண், அதற்குக் கீழே இன்னொரு தேவ் நாராயண். தன் பெயர் எங்கும் இல்லை என்பது ஏரம்பமூர்த்திக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மேலிருந்து கீழே ஒருமுறை தேடிவிட்டுத்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பார்.

ஏரம்பமூர்த்திக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஆக்லாந்து நகரில் வடிகால் வேலைகளைப் பார்க்கும் அலுவலகத்தில் படவரைஞர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது அவர் கைக்குத் தெரியும். மவுண்ட் ரோஸ்கில்லில் மோர்ட்கேஜ் கடனில் வாங்கிய வீடு, மனைவி குணவதி, எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற இரண்டு மகள்கள். உதைபந்து என்று அவர் வாயெடுத்தால் மகள்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். குணவதிக்குப் போக இடமில்லை, கறி அடுப்பில் இருக்கும்.

எண்பத்திரண்டில் நியூசிலாந்து அணி ஸ்பெயினுக்குப் போய் உலகக் கிண்ணத்தில் ஆடியதும் ஊருக்கே உதைபந்துப் பித்துப் பிடித்தது. ஏரம்பமூர்த்திக்குக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தது. சனிக்கிழமை காலையில் கல்லூரி மைதானங்களுக்குப் போகத் தொடங்கினார். அங்கே உயர்பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்பார்கள்; பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடுவார்கள். வெறுமனே நின்று பார்க்க அவருக்கு வரவில்லை. ஒரு டிரேசிங் தாளை அட்டையில் விரித்து, யார் எங்கிருந்து எங்கே ஓடுகிறான் என்று அம்புக்குறி போட்டு வரைந்தார். அப்படி ஒரு படத்தைச் சவுத் ஹார்பர் கழகத்துக்குத் தபாலில் அனுப்பினார். மூன்றாம் நாளே மேனேஜர் கில்லஸ்பி தொலைபேசியில் கூப்பிட்டார். கழகத்தின் டை ஒன்று கிடைத்தது, ஆள் தேடுபவர் என்ற பெயரும் கிடைத்தது. ஊதியம் என்று எதுவும் இல்லை. அந்த டையை அவர் கொட்டுகிற மழையிலும் கட்டிக்கொண்டு போனார்.

சவுத் ஹார்பர் தேசிய லீக்கில் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்த கழகம். வருடத்துக்கு ஒரேயொரு இடம் கல்லூரியை விட்டு வெளியேறும் பையனுக்கு. அதற்கு ஆள் தேட இரண்டு பேர். செப்டெம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இருவரும் தங்கள் பட்டியலை உறையில் ஒட்டி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். உறை திறக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பெயரைப் பற்றிக் கதைக்கக் கூடாது. இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் இருந்தால் அந்தப் பையனுக்குச் சோதனை ஆட்டம்கூட இல்லை, நேரே கையெழுத்துத்தான்.

மற்றவர் தேவ் நாராயண். பாபகூராவில் டயர்க் கடை வைத்திருந்தார். பீஜியில் பிறந்தவர், தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரன். அவருடைய தமிழ் அவருடைய அம்மா வீட்டில் பேசிய தமிழ். ஏரம்பமூர்த்தியை விட மூன்று வயது இளையவர் என்பதால் முதல் நாளே "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டார். அந்த "அண்ணே"யும் ஏரம்பமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. தோற்கடித்துக்கொண்டே மரியாதை செய்கிறவனை என்ன செய்வது?

தேவ் ஆள் தேடுகிற விதம் இன்னும் மோசம். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. பையன்களின் தாய்மார் நிற்கிற பக்கமாகப் போய் நின்று, அவர்கள் கொண்டுவந்த கேக்கைத் தின்று, கேட்காத கதையெல்லாம் கேட்டு, பாதி ஆட்டத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுவார். செப்டெம்பர் வந்ததும் ஒரு பெயரை எழுதிக் கொடுப்பார். அந்தப் பெயர் பலகையில் ஏறும். ஏரம்பமூர்த்தியோ ஒரு பையனுக்கு ஆறு தாள் வரைவார். அந்தப் பையன் சோதனை ஆட்டத்தில் கால் இடறி விழுவான், அல்லது டனீடினுக்குப் படிக்கப் போய்விடுவான்.

"அந்த மனுசனுக்கு அதிர்ஷ்டம், வேற ஒண்டும் இல்லை," என்பார் வீட்டில்.

"உங்களுக்கு எரிச்சல்," என்பாள் குணவதி. "அதைச் சொல்லிப்போட்டுச் சாப்பிடுங்கோவன்."

எண்பத்தைந்தாம் ஆண்டு பிறந்தபோது முதன்முறையாக அவருக்கு நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. வருடத் தொடக்கத்தில் பீஜியில் அடித்த புயலில் தேவின் தம்பியுடைய வீட்டுக் கூரை பறந்துபோயிருந்தது. தேவ் டயர்க் கடையை மனைவி ஊர்மிளாவிடம் விட்டுவிட்டு, மே மாதம் கூரை போடப் புறப்பட்டார். ஆட்டக்காலத்தின் பாதி போய்விடும். செய்தியைக் கேட்டு ஏரம்பமூர்த்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஐயோ பாவம்," என்றார். காரில் ஏறியதும் சீட்டியடித்தார்.

அந்த மே மாதமே அவர் செமிசியைக் கண்டார்.

தெற்கே ஒரு சின்னக் கல்லூரி, மைதானத்தில் பாதி சேறு. செமிசி டோங்காக் குடும்பத்துப் பையன், இடதுபுறம் ஆடினான். டோங்காப் பையன் என்றால் ரக்பிதான் ஆடுவான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்ததால் அவனைப் பார்க்க எந்தக் கழகத்து ஆளும் வருவதில்லை. அவன் பந்தை வாங்கி, ஒரு கணம் நின்று, எதிராளி எந்தக் காலை ஊன்றுகிறான் என்று பார்த்து, அந்தக் காலின் பக்கமாகவே போய்விடுவான். ஏரம்பமூர்த்தி அம்புக்குறி போடுவதை நிறுத்திவிட்டு வாய் பார்த்தார். நான்கு வருடத்தில் அவர் பென்சிலை மறந்தது அன்றைக்குத்தான்.

பத்து சனிக்கிழமை தொடர்ந்து போனார். பையனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் செய்தி பரவும். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் அட்டையும் கையுமாக நிற்பார். கெவின் ஹொப்ஸ் என்றொருவன் இருந்த பணக்காரக் கல்லூரிக்கு எதிராகச் செமிசி ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த நாளில், வீட்டுக்கு வந்து குணவதிக்கு மேசையில் மிளகுப்போத்தலையும் உப்புப்போத்தலையும் வைத்து ஆடிக் காட்டினார். பலகையில் தன் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. நான்காவது தேவ் நாராயணுக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் தேவ் திரும்பி வந்தார், கறுத்து, மெலிந்து. அடுத்த சனிக்கிழமை ஏரம்பமூர்த்தி செமிசியின் மைதானத்துக்குப் போனபோது வாசலில் தேவின் டயர்க் கடை வான் வண்டி நின்றது.

தேவ் வானுக்குள் உட்கார்ந்து யாரோ ஒரு தாயோடு கண்ணாடி வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். நல்லவேளையாக அன்று செமிசிக்குக் காய்ச்சல், ஆடவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஆடுவான். இந்த ஆள் பார்ப்பான். பட்டியலில் எழுதுவான். இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தால் பலகையில் இருவர் பெயரும் ஏறும்; தேவ் நாராயணுக்கு ஐந்தாவது, தனக்கு அரைவாசி. பத்து சனிக்கிழமை மழையில் நனைந்தது யார், கூரை போட்டுவிட்டு வந்து கேக் தின்பது யார்?

ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பாட்டு மேசையில் புதுத் தாளை விரித்தார். கெவின் ஹொப்ஸின் பெயரை மூலையில் எழுதினார். கெவின் உயரமானவன், முன்வரிசையில் ஆடுகிறவன், பந்தோடு அவன் திரும்பி முடிப்பதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். அவனுடைய கல்லூரி நகரத்துக்கு வடக்கே, பாலத்துக்கு அப்பால் இருந்தது. அதைவிடத் தூரமாக ஒருவனை ஏரம்பமூர்த்திக்குத் தெரியாது. அவனுக்கு ஆடாத ஆட்டமெல்லாம் வரைந்தார். மைதானத்தின் முன்பாதியில் நிறைய அம்புகள். பின்பாதி வெறுமையாகக் கிடந்தது, பார்க்க நன்றாக இல்லை. பையன் பின்னால் ஓடிவந்து பந்தைத் தடுப்பதாக ஏழெட்டு அம்பு அங்கேயும் போட்டார். படம் அழகாக வந்தது. பொய்க்கு இவ்வளவு நேர்த்தியா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

"ஆரப்பா இந்தப் பெடியன்? தாள் முழுக்க ஓடுறான்," என்றாள் குணவதி.

"ஒரு பெடியன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து தேவ் கூடத்துக்குள் வருகிற நேரம் பார்த்து, தாளைத் தேநீர் மேசையில் சுருட்டி வைத்துவிட்டு, மறந்தவர் போல வீட்டுக்குப் போனார். தேவ் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தரவில்லை. ஏரம்பமூர்த்தி எதிர்பார்த்ததும் அதைத்தான். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் செமிசியின் மைதானத்தில் வானைக் காணவில்லை. பாலத்துக்கு அப்பால் அலைகிறான், அலையட்டும் என்று மூலைக்கொடிக்குப் பக்கத்தில் நின்று மனசாரச் சிரித்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. கில்லஸ்பியின் சின்ன அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஏரம்பமூர்த்தியின் உறையை முதலில் திறந்தார் கில்லஸ்பி. செமிசியின் பெயர் மட்டும், கூடவே பதினொரு தாள்.

"டோங்காப் பையனா?" என்று புருவத்தைத் தூக்கினார். "சரி. பார்க்கலாம்."

பிறகு தேவின் உறை. அதற்குள் ஒரே ஒரு பெயர், கெவின் ஹொப்ஸ். அத்தோடு நான்காக மடித்த டிரேசிங் தாள். ஏரம்பமூர்த்தியின் கையெழுத்து, ஏரம்பமூர்த்தியின் அம்புகள். கீழே தேவ் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: இவனைக் கண்டுபிடித்தவர் நான் அல்ல, ஏரம்பமூர்த்தி.

கில்லஸ்பி தாளை விளக்குக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதை நீங்களா வரைந்தீர்கள்? அப்படியென்றால் உங்கள் பட்டியலில் ஏன் இவன் இல்லை?"

ஏரம்பமூர்த்தி தாளை வாங்கக் கை நீட்டினார். தேவ்தான் முந்திக்கொண்டார்.

"எனக்காக விட்டுக்கொடுத்தார்," என்றார் ஆங்கிலத்தில். "நான் பாதி வருடம் இங்கே இல்லை, என்னிடம் ஒரு பெயரும் இல்லை. பெயரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது சட்டம். அதனால் நான் வருகிற நேரம் பார்த்து மேசையில் மறந்துவிட்டுப் போனார்." பிறகு தமிழில், ஏரம்பமூர்த்தியின் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியும் அண்ணே. நீங்க ஒரு பென்சிலைக்கூட மறக்கிற ஆளு இல்ல. ரெண்டு சனிக்கிழம போய்ப் பாத்தேன், என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா நீங்க வரைஞ்சிருக்கீங்களே, அது போதும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கில்லஸ்பி மேசையில் தட்டினார். "அப்படியானால் கெவினுக்கு இரண்டு பேரின் வாக்கு. டோங்காப் பையனுக்கு ஒன்று. சரிதானே, ஏரம்பா?" ஏரம்பமூர்த்தி என்று முழுதாகச் சொல்ல அவர் நாக்கு ஒருநாளும் வளைந்ததில்லை.

அந்த இடத்தில் ஏரம்பமூர்த்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் படம் பொய், என்று. சொன்னால் செமிசிக்கு இடம் கிடைக்கும். சொன்னால் டை போய்விடும். அதுகூடப் பெரிதில்லை, தேவ் நாராயண் கலங்கிய கண்ணோடு தன்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வேறுவிதமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் பொறாமைப்பட்ட ஒருவன் முன்னால் கூனிக் குறுகி நிற்பதைவிட எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. அவர் விட்டுக்கொடுத்தது செமிசியை.

"சரி," என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்றார். "என்ன, உங்கட பெடியனை எடுத்தவையே?" என்று குணவதி கேட்டாள். "ஓம்," என்றார். ஒரு கணக்கில் அது பொய்யும் இல்லை.

கெவின் ஹொப்ஸ் சோதனை இல்லாமலே கையெழுத்திட்டான். வருடம் திரும்பி ஆட்டக்காலம் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டம் முன்வரிசையில் நின்று பந்து வந்தபோதெல்லாம் திரும்பிக்கொண்டே இருந்தான். கூட்டம் கேலி செய்தது. ஏரம்பமூர்த்திக்கு அந்தக் கேலி ஒவ்வொன்றும் தேனாக இனித்தது. இன்னும் கொஞ்ச நாள், பிறகு பையனை அனுப்பிவிடுவார்கள், பலகையில் யார் பெயரும் ஏறாது, கதை முடியும்.

நான்காவது ஆட்டத்துக்கு முன்பு கில்லஸ்பி பழைய டிரேசிங் தாளை எடுத்துப் பார்த்தார். பின்பாதியில் ஏழெட்டு அம்பு. "நாம்தான் முட்டாள்கள்! ஏரம்பா தெளிவாக வரைந்து தந்திருக்கிறார். இவன் பின்னால் நிற்க வேண்டியவன்!" என்று கத்தினார். கெவினைத் தடுப்பு வரிசையின் நடுவில் நிறுத்தினார். அங்கே அவன் திரும்ப வேண்டியதே இல்லை. வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளினான். ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் வாங்கினார்கள். செய்தித்தாளில் படம் வந்தது.

செப்டெம்பரில் பலகையில் புதுப் பெயர் ஏறியது. கெவின் ஹொப்ஸ், 1986. கீழே சின்ன எழுத்தில், க. ஏரம்பமூர்த்தி. பொன் எழுத்து எழுதுகிறவனிடம் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தது தேவ். கழகத்துப் பெண்கள் கேக் வெட்டினார்கள். குணவதியும் மகள்களும் நல்ல உடுப்பு உடுத்து வந்திருந்தார்கள். தேவ் எல்லோருக்கும் முன்னால் கைதட்டத் தொடங்கினார், எல்லோருக்கும் கடைசியாக நிறுத்தினார்.

"இப்பப் பாருங்க அண்ணே, நம்ம ரெண்டு பேரும் ஒரே பலகையில," என்றார்.

ஏரம்பமூர்த்தி பலகையைப் பார்த்தார். நான்கு தேவ் நாராயண், கீழே அவர். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. அந்தப் பெயரையும் இவன்தான் கொடுத்திருக்கிறான். கொடுத்ததே தெரியாமல் கொடுத்துவிட்டு நின்று கைதட்டுகிறான். இப்படி ஒரு மனசு தனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று நினைத்தபோது, நான்கு பெயருக்கும் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

அக்டோபரில் ஹில்ஸ்பரோவில் ஒரு தெருவுக்குப் புதுக் குழாய் போட்டார்கள். படம் ஏரம்பமூர்த்தி வரைந்தது. மட்டம் ஒத்துப்போகவில்லை என்று மேற்பார்வையாளர் கூப்பிட, தாளோடு அங்கே போனார். பள்ளத்துக்குள் மண்வெட்டியோடு நின்ற ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். இடுப்புவரை சேறு.

"மிஸ்டர், நீங்கள் அட்டையோடு நிற்கிறவர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "மூலைக்கொடிக்குப் பக்கத்தில்."

செமிசி. ஏரம்பமூர்த்தி தலையசைத்தார்.

அவன் பள்ளத்திலிருந்து ஏறி வந்து கையைக் காற்சட்டையில் துடைத்தான். கல்லூரி முடிந்ததும் வேலையில் சேர்ந்துவிட்டானாம். சனிக்கிழமையில் தேவாலய அணியில் ஆடுகிறானாம். "கெவின் ஹொப்ஸைக் கண்டுபிடித்தது நீங்கள்தானாம், பத்திரிகையில் போட்டிருந்தது. உங்களுக்கு நல்ல கண்," என்றான். அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "அவன் கல்லூரிக்கு எதிராக நான் மூன்று கோல் போட்ட அன்றும் நீங்கள் நின்றீர்கள். வாரா வாரம் வந்தீர்கள். எனக்காகத்தான் வருகிறீர்கள் என்று அம்மாவிடம்கூடச் சொன்னேன்." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "கோபமெல்லாம் இல்லை. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். என்னிடம் என்ன குறை?"

கழகத்தின் பட்டியல் கல்லூரியை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு மட்டும். இவன் வெளியேறி வருடமாகப் போகிறது. இனி உண்மையைச் சொல்லி இவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று ஏரம்பமூர்த்தி தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். கேட்டது இவனுக்காக இல்லை என்பதும் தெரிந்திருந்தது. பையன் காத்துக்கொண்டு நின்றான்.

"வலது கால்," என்றார் கடைசியில். "நீ எல்லாவற்றையும் இடது காலால் செய்கிறாய். வலது கால் போதாது."

செமிசி யோசித்தான். பிறகு, நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினான். "நன்றி மிஸ்டர். ஒருவரும் சொல்லவில்லை."

மட்டம் சரிபார்க்க மறுநாளும் போக வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மற்ற வேலையாட்கள் லொறி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செமிசி தனியே, அடுக்கி வைத்த குழாய்களுக்கு எதிரே நின்று, ஒரு பழைய பந்தை வலது காலால் உதைத்துக்கொண்டிருந்தான். பந்து பட்டுத் திரும்பி வரும். இடது கால் தானாக முன்னால் போகும். அவன் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மறுபடி வலது காலால் உதைத்தான்.